பராமரிப்பு இல்லத்தில் இன்னொருவர் அடித்துவிட்டால்: ஒன்ராறியோவில் என்ன கேட்கலாம்

"அவருக்கு டிமென்ஷியா (மறதி நோய்), தெரியாமல் அடித்துவிட்டார்." ஸ்கார்பரோ பக்கம் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் அம்மாவையோ அப்பாவையோ விட்டிருக்கிற பலர், காயம் எப்படி வந்தது என்று கேட்டு, இல்லத்தார் சொன்ன இந்தப் பதிலோடு பேசாமல் திரும்பி வந்திருக்கிறார்கள்.

திரும்பத் தேவையில்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாகாணச் சட்டத்தின் விதிகளில், அங்கே வசிக்கும் ஒருவர் இன்னொருவரை அடித்துக் காயம் வந்தால் அது துன்புறுத்தல்தான். தெரிந்து செய்தாரா என்ற கேள்வி ஏச்சுக்கும் மிரட்டலுக்கும்தான் உண்டு, அடிக்கு இல்லை.

ஆனால் காயத்தைக் காட்ட வேண்டும். மணிக்கட்டில் விரல் பதிந்த கன்றல் சில நாளில் மஞ்சளாகிவிடும். பிறகு, "கட்டிலில் இடித்திருப்பார், இரத்தம் இளக்கும் மாத்திரை எடுக்கிறவர்தானே" என்பார்கள். அன்றைக்கே படம் எடுங்கள். தாதியைக் கூப்பிட்டுக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் மட்டும் பேசுகிற அம்மா என்றால் "அவர் ஒன்றும் சொல்லவில்லையே" என்பார்கள். யாரும் அவரிடம் தமிழில் கேட்டிருக்க மாட்டார்கள்.

காயமோ வலியோ இருந்தால் குடும்பத்துக்கு உடனே சொல்ல வேண்டும், மற்றபடி 12 மணி நேரத்துக்குள். யாருக்கு? அம்மாவுக்காக முடிவெடுப்பவர் என்று இல்லத்தின் கோப்பில் உள்ளவருக்கு. தினமும் சோறு கொண்டுபோகிற மகளின் பெயர் அதில் இல்லாமல், வேறு ஊரில் இருக்கிற மகனின் பெயர் இருக்கும். அம்மா சொன்னால் இன்னொருவரையும் சேர்க்கலாம். முதலில் அதைச் சரிபாருங்கள்.

புகாரை வாயால் சொல்லாதீர்கள். மனேஜர் சிரித்துப் பேசி 24 மணி நேரத்தில் 'தீர்த்து' விட்டால் அது பதிவேட்டில் ஏறவே தேவையில்லை. மின்னஞ்சலில் எழுதினால் 10 வேலைநாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். "உங்கள் அம்மாவை வேறு அறைக்கு மாற்றலாமே" என்பது வழக்கமான பதில். அடி வாங்கியவர் ஏன் மாற வேண்டும்? அடித்தவரின் நோய் விவரம் கேட்டால் அந்தரங்கம் என்று கதவைச் சாத்துவார்கள். அதைக் கேட்காதீர்கள். சண்டை எதனால் வந்தது, சாப்பாட்டு மேசையில் ஒரே நாற்காலிக்கா, இரவில் அறைக்குள் நுழைந்து போர்வையை எடுத்ததாலா, இனி அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி நடக்காமல் செய்வது அவர்கள் கடமை.

புகார் செய்தால் அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அப்படி மிரட்டுவதே சட்டவிரோதம். பதில் வராவிட்டால் மாகாணத்தின் நீண்டகாலப் பராமரிப்பு அமைச்சின் 1-866-434-0144 எண்ணுக்கு அழையுங்கள். அடித்த நாள், நேரம், மின்னஞ்சல் அனுப்பிய தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.