அவனைக் குணமாக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல

"என் அன்பு பத்தலபோல."

மலையகத்தில் உளவளத்துணை செய்யும் எவருக்கும் இந்த வசனம் பழகிப்போயிருக்கும். சொல்பவர் இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞர். காதலன் குடியை விடவில்லை. இரவில் அலறி எழுகிறான், பிறகு நாள்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். இவர் மாதக்கணக்காகச் சரியாகத் தூங்கவில்லை, வேலைக்கும் ஒழுங்காகப் போகவில்லை. கையில் இருக்கும் ஃபோனில் ஒரு தொடர்கதை. அதில் வருபவனும் இவரது காதலனைப் போலவே காயப்பட்டவன். மழை கொட்டும் ஓர் இரவில் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறான், மற்றவன் மார்போடு அணைத்துக்கொள்கிறான், விடிந்ததும் புது மனிதனாக எழும்புகிறான். "அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை?" அதே கேள்வியோடு இன்னொரு தம்பியும் வந்து உட்கார்ந்த பிறகு இதை எழுதாமல் இருக்க ஏலாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளை வாசிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. 10 அடிக்கு 12 அடி லயன் காம்பராவில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு, போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தை மறைத்து வாசிக்கும் பையனுக்கு, இரண்டு ஆண்கள் சந்தோஷமாக வாழ்ந்து முடிகிற ஒரு கதை என்ன கொடுக்கிறது என்று எனக்குத் தெரியும். தன்னைப்போல ஒருவன் சாகாமல் முடிகிற கதையை அவன் வேறெங்கும் கண்டிருக்க மாட்டான். ஒருவன் காயப்படுவதும் மற்றவன் தேற்றுவதுமான இந்த வகை 1970களில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ரசிகைகள் எழுதிய கதைகளில் வேர்பிடித்தது. அதே காலத்தில் ஜப்பானியப் பெண் ஓவியர்கள் சித்திரக்கதைகளில் ஆண்களின் காதலை வரைந்தார்கள். இன்று தாய்லாந்துத் தொடர்கள், வாட்பேட், பிரதிலிபி போன்ற கதைத் தளங்கள் வழியாக அது தமிழில் ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வரட்டும். அதைச் சிகிச்சைக் கையேடாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பயம்.

"உண்மையாக நேசித்தால் அவன் குணமாவான்." இந்த ஒரு நம்பிக்கை செய்யும் சேதம் கொஞ்சமல்ல. இதைத் திருப்பிப் போட்டால் என்ன வரும்? அவன் குணமாகவில்லையென்றால் நான் உண்மையாக நேசிக்கவில்லை. ஆகவே இன்னும் அதிகமாக நேசிக்கிறார்கள். அவன் கடனை அடைக்கிறார்கள், அடியை வாங்கிக்கொள்கிறார்கள், அவனை விட்டு ஒரு இரவு அம்மா வீட்டுக்குப் போகவும் பயப்படுகிறார்கள். மற்றப் பக்கத்தில் காயப்பட்டவனும் அதே கணக்கைப் போடுகிறான்: இவ்வளவு நேசிக்கிறான், அப்படியும் எனக்குச் சுகமில்லை, அப்படியென்றால் நான் திருந்தாத ஜென்மம். ஒரே பொய் இரண்டு பேரையும் அறுக்கிறது. காதலன் பக்கத்தில் இருந்தால் நீரிழிவு சுகமாகும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? இன்சுலினை மறக்காமல் போட்டுக்கொள்ள அவன் ஞாபகப்படுத்தலாம், கிளினிக்குக்குக் கூடப் போகலாம், சமையலில் சீனியைக் குறைக்கலாம். அவ்வளவும் பெரிய உதவி. ஆனால் இன்சுலின் அவனில்லை. மனக்காயமும் அப்படித்தான். நம் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்து ஆடுகிறோமே, எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழுகிறாள், மன்றாடுகிறாள். அவனை எழுப்புகிறவர் சிவன். ரதியின் காதல் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை.

இனி, கதைகள் அதிகம் பிழைவிடும் இடங்கள்.

குடி. கதையில் காதலன் போத்தல்களை எடுத்துக் கானுக்குள் ஊற்றுகிறான், கதவைப் பூட்டுகிறான், மூன்று நாள் கஞ்சி கொடுத்து அணைத்துக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, அது சாராயமோ கசிப்போ, திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை சன்னி வரக்கூடிய காலம்: இல்லாத பூச்சி சுவரில் ஊரும், நாளும் இடமும் தெரியாது, காய்ச்சல் ஏறும், நெஞ்சு ஓடும். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். ஆஸ்பத்திரியில் டயசிப்பாம் வகைக் குளிசையைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற விற்றமின் பி1 கொடுப்பார்கள். அது குறைந்தால் தள்ளாட்டம், கண் அசைவுக் குழப்பம், கடைசியில் மீளாத ஞாபகமறதி. ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் வைத்தியர், பிறகு நிறுத்துவது. முன்பு ஒருமுறை நிறுத்தும்போது வலிப்பு வந்தவர் என்றால் வீட்டில் முயலவே கூடாது. வலிப்பு வந்துவிட்டால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே வண்டி பிடியுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் சொல்லி அழும் அந்த மழை இரவு. கதைக்கு அது உச்சம், எழுதுபவர்களுக்கு அது இனிப்பு. வாழ்க்கையில், காயத்தை ஒரே இரவில் தோண்டி எடுக்க வைத்தால் பலருக்கு அது கூடுகிறது. பேரிடரில் தப்பியவர்களை உடனே உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சொல்வது மூன்றே சொல்: பார், கேள், இணை. அவனுக்கு இப்போது என்ன தேவை என்று பார். அவன் சொல்ல விரும்பினால், விரும்பிய அளவுக்குக் கேள். உதவக்கூடிய இடத்தோடு இணை. "யார் உனக்கு அதைச் செய்தது, சொல்லு" என்று உலுக்குவது இந்த மூன்றிலும் இல்லை. கதையில் அந்த இரவு முடிந்து இருவரும் உடலால் சேர்வதும் வழக்கமாகிவிட்டது. உடைந்து அழுதுகொண்டிருக்கும் மனிதன் அன்று "சரி" என்று சொல்வதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், போர்த்திவிடுங்கள், தூங்கட்டும்.

கெட்ட கனவில் அலறினால் பாய்ந்து பிடித்து உலுக்க வேண்டாம். அந்த நொடியில் நீங்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது, கை ஓங்கலாம், பிறகு அதற்காக அவன் தன்னையே வெறுப்பான். ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். லைட்டைப் போடுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "இது நம்ம வீடு, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, நான்தான்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். காலைச் சீமெந்துத் தரையில் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொடக்கூடிய நான்கு, காதில் விழும் மூன்று, மூக்குக்கு எட்டும் இரண்டு, வாயில் ஒரு ருசி: இப்படி எண்ண வைத்தால் மனம் இங்கே திரும்பும். தேயிலைத் தூள் டப்பாவை மூக்கருகே கொடுத்தாலும் போதும். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் நடந்தது போன்ற ஒரு மண்சரிவைக் கண்ணால் பார்த்தவருக்கு அடைமழைச் சத்தமே போதும். அப்படிப்பட்டவரின் மழை இரவைக் காதல் காட்சிக்குப் பின்னணியாக வைக்கும் முன் எழுதுபவர்கள் ஒரு தடவை யோசியுங்கள்.

பொறாமையில் ஃபோனைப் பிடுங்கிப் பார்ப்பது, கையை முறுக்குவது, "நீ போனால் செத்துவிடுவேன்" என்பது: இவை காயத்தின் அழகான அடையாளங்களல்ல. காயம் காரணத்தை விளக்கும், அடிக்க அனுமதி தராது.

குளிசைகளைப் பற்றி. கதையில் மனநலக் குளிசை என்றால் மனிதனை மரக்கட்டையாக்கும் விஷம், காதல் வந்ததும் அதை ஜன்னலால் வீசிவிடுவான். இதை வாசித்துவிட்டு உண்மையிலேயே வீசியவர்கள் இருக்கிறார்கள்! மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 கிழமை எடுக்கும். முதல் கிழமைகளில் வயிற்றுக் குமட்டலும் பதற்றமும் வரலாம், இளவயதினரை அந்தக் காலத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சுகமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். காதல் மலர்ந்த சந்தோஷத்தில் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், பிறகு பழைய இருட்டே திரும்பும். குறைப்பதென்றால் வைத்தியர் சொன்னபடி.

"சின்ன வயதில் அவனுக்கு நடந்த கொடுமையால்தான் ஆண்களை விரும்புகிறான், காயம் ஆறினால் மாறிவிடுவான்" என்றும் சில கதைகள் மறைமுகமாகச் சொல்கின்றன, சில அம்மாமாரும் நேராகவே கேட்கிறார்கள். இல்லை அம்மா. ஆண்களை விரும்பும் ஆண்களில் பெரும்பாலோருக்கு அப்படியொன்றும் நடக்கவில்லை. அப்படி நடந்தவர்களில் எத்தனையோ பேர் பெண்களையே விரும்புகிறார்கள். 1990இல் உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆற வேண்டியது காயம். விருப்பத்துக்கு மருந்து தேட வேண்டாம், பூசாரியிடமும் கூட்டிப்போக வேண்டாம்.

மலையகத்தில் இந்தக் கதைகளின் தீர்வு இன்னும் ஆபத்தாவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ரகசியம் கனமானது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். 1883இன் தண்டனைச் சட்டக் கோவையில், தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளின் நிழல் வேறு. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர்நீதிமன்றம் சொன்னது ஆறுதல், ஆனால் அந்தத் தீர்மானத்தால் மட்டும் பிரிவுகள் நீங்கிவிடவில்லை. இப்படி மறைந்து வாழும் இருவருக்கு "நமக்கு நாம் போதும்" என்பது இனிக்கத்தான் செய்யும். அதுதான் இருவரையும் மூச்சடைக்க வைக்கிறது. மூன்றாவதாக ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். காதல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சுகவீனம் தெரிந்தால் போதும்.

டிக்கோயா, நுவரெலியா, பதுளை, பேராதனை போன்ற பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலச் சேவை உண்டு, காசு கேட்க மாட்டார்கள். கிளினிக் நாளை முன்கூட்டியே விசாரியுங்கள், வெறும் கையோடு திரும்பினால் ஒரு நாள் பேரும் (கூலியும்) பஸ் காசும் நட்டம். கூடப் போகிறவர் யாரென்று கேட்டால் "கூட்டாளி" என்பது முழுப் பதில். அதற்கு மேல் சொல்வது உங்கள் விருப்பம். உளவளத்துணையாளர் யாராக இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "நான் சொல்வதில் எதை ரகசியமாக வைப்பீர்கள், எப்போது வைக்க மாட்டீர்கள்?" இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் உங்கள் காதலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். வேறொருவரைத் தேடுங்கள்.

சாக வேண்டும்போல இருக்கிறது என்று அவன் சொன்னால், அல்லது சொல்லாமலே உங்களுக்குப் பயம் தட்டினால், நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு யோசிக்கிறியா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பிழை. கேட்கும்போது பலருக்குப் பாரம் இறங்குகிறது. மலைக்கு அடிக்கும் பூச்சி, களை மருந்து வீட்டில் இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். தனியாக விடாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், செய்திருந்தாலும் மீறுங்கள். எதையாவது குடித்துவிட்டான் என்றால், நன்றாகத்தான் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. 1333 என்ற இலக்கத்திலும் தமிழில் கதைக்கலாம்.

தாங்கிப் பிடிக்கும் தம்பிமாரே, நீங்களும் சாப்பிட்டீர்களா? கிழமைக்கு ஒரு இரவாவது வேறு இடத்தில் நிம்மதியாகத் தூங்குங்கள். சம்பளத்தில் உங்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்குங்கள். உங்கள் மேல் கை வைத்தால் அன்றே வெளியேறுங்கள். அப்படி வெளியேறுவதால் உங்கள் காதல் பொய்யாகிவிடாது.

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாவின் முறையையும் அளவையும் விவரிக்காதீர்கள். குணமாவதற்கு அத்தியாயங்களைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள். மனக்காயத்துக்கென்று பயிற்சி பெற்றவரோடு செய்யும் பேச்சுச் சிகிச்சைக்கே பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வு தேவைப்படுகிறது, இடையில் சறுக்கலும் வரும். அந்த அமர்வுகளுக்குப் போய்வரும் பஸ் பயணத்திலும் காதல் இருக்கிறது. காலை ஆறு மணி, பனி மூடிய பாதை, நம்பர் எடுக்க வரிசையில் நிற்கும் இருவர். ஒருவனுக்குக் கை நடுங்குகிறது, அவனுடைய கிளினிக் துண்டையும் சேர்த்து மற்றவன் பிடித்திருக்கிறான். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போகிறவன் அவன் மட்டும்தான், இவன் வெளியே வாங்கில் உட்கார்ந்து பிளேன்ரீ இரண்டு வாங்கி, ஒன்றை மூடி வைக்கிறான். இந்தக் காட்சியை யாராவது எழுதுங்கள்.