ஜோன் ஸ்னோவின் தாய் யார்? ஓர் ஊகம் வலுப்பெறும் விதம்

1996இல் வெளிவந்த ஒரு நாவலில் ஜோன் ஸ்னோ என்றொரு பையன் வருகிறான். தந்தை நெட் ஸ்டார்க் என்று ஊர் முழுக்க நம்புகிறது. தாய் யாரென்று எவருக்கும் தெரியாது, நெட்டும் வாய் திறப்பதில்லை. நாவலாசிரியர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் விடையை எந்தப் பக்கத்திலும் எழுதி வைக்கவில்லை. அப்படியிருந்தும் 1990கள் முடிவதற்குள்ளேயே வாசகர்கள் சிலர் விடையைச் சொல்லிவிட்டார்கள்: நெட்டின் தங்கை லியானாதான் தாய், தந்தை இளவரசன் ரேகார், நெட் வெறும் தாய்மாமன். 2016 ஜூன் 26 அன்று, அந்த நாவல் வரிசையைத் தழுவிய ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவ இறுதி அத்தியாயத்தில் லியானாவின் பிரசவப் படுக்கை திரையில் தெரிந்தது. ரேகாரின் பெயர் அடுத்த பருவத்தில் உறுதியானது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்கூட்டியே ஒருவர் சரியாகச் சொன்னால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். பல ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத பலர் அதே விடைக்கு வந்து சேர்ந்தால் அப்படித் தள்ள முடியாது. அங்கே ஏதோ ஒரு முறை வேலை செய்திருக்கிறது. அந்த முறை, ஆய்வுகூடங்களில் நடப்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல.

மட்டக்களப்பில் இந்தக் கதையுலகத்துக்கு இன்றும் தீவிரமான ரசிகர்கள் இருக்கிறார்கள். இதன் முன்கதையான ‘ஹவுஸ் ஒஃப் த ட்ராகன்’ 2022 ஓகஸ்ட் மாதம் தொடங்கியது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு 9 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 6.30. பார்த்தவர்கள் பகல் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு திரிவார்கள். மாலையில் கல்லடிக் கடற்கரையில் ஐந்தாறு பேர் கூடுவார்கள்: வங்கி ஊழியர், கல்முனையிலிருந்து பஸ்ஸில் வரும் தாதிய மாணவி, உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர், இன்னும் சிலர். கச்சான் சுருள் காலியாகும் வரைக்கும், அதற்குப் பிறகும், ஒரு டிராகன் சாகுமா சாகாதா என்று வாதாடுவார்கள். இவர்களுடைய பேச்சை வீண் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிகழ்தகவைக் காசு சுண்டிப் படித்ததைவிட இங்கே நன்றாகப் படிக்கலாம்.

முதலில், ஒரு கற்பனைக் கதையின் முடிச்சு ஏன் இப்படி மனதை அரிக்கிறது? 1994இல் பொருளியலாளர் ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் ஒரு விளக்கம் சொன்னார். தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருப்பதை மனம் உணரும்போதுதான் ஆவல் பிறக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் இடைவெளியும் தெரியாது, எல்லாம் தெரிந்தால் இடைவெளியே இல்லை. 2009இல் கலிபோர்னியாவின் கல்டெக் நிறுவனத்தில் பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தபோது இதற்கு ஆதாரம் கிடைத்தது. விடை பாதி தெரிந்தது போல இருக்கும் நிலையில் ஆவல் உச்சத்தில் இருந்தது. அப்போது வெகுமதியை எதிர்பார்க்கும்போது இயங்கும் மூளைப் பகுதி ஒன்று தூண்டப்பட்டது. ஆவல் மிகுந்திருந்த கேள்விகளின் விடைகள் பிறகு நன்றாக நினைவிலும் நின்றன. வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வரும் தொடர், பார்ப்பவரை ஏழு நாளும் அந்தப் பாதி தெரிந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கிறது.

இனி ஊகத்தின் உள்ளே போவோம். ஆங்கிலக் கணிதவியலாளர் தோமஸ் பேய்ஸ் இறந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1763இல் வெளியான அவருடைய கட்டுரைதான் இங்கே அடிப்படை. அதன் சாரம் இது: ஒரு துப்புக் கிடைத்ததும் ‘இது என் ஊகத்தோடு பொருந்துகிறதா?’ என்று கேட்டால் போதாது. ‘என் ஊகம் பொய்யாக இருந்தால் இந்தத் துப்பு எவ்வளவு தூரம் எதிர்பார்க்கக்கூடியது?’ என்றும் கேட்க வேண்டும். இரண்டு விடைகளுக்கும் இடையிலான விகிதமே துப்பின் எடை.

நாவலில் நெட் ஒரு பழைய நிகழ்வைக் கனவில் காண்கிறார். போர் முடிந்துவிட்டது. அரசன் இறந்துவிட்டான், பட்டத்து இளவரசன் ரேகாரும் இறந்துவிட்டான். அரச குடும்பத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்த மெய்க்காவல் வீரர்கள் மூவர், உயிரோடிருக்கும் அரச வாரிசை நோக்கிப் போகாமல், வெகு தொலைவில் ஒரு தனிக் கோபுரத்தின் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே லியானா. அவளுக்குத் துணையாகத்தான் நின்றார்கள் என்று சொல்லலாம், ஆனால் நாட்டின் தலைசிறந்த வீரர்கள் மூவரை அங்கே கட்டிப்போட அது போதிய காரணமாகத் தெரியவில்லை. உள்ளே ரேகாரின் மகன் இருந்தால், அரசுரிமைக்கு உரிய குழந்தை இருந்தால், அவர்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

இதைக் கணக்காக்கிப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. தொடக்கத்தில் லியானா ஊகத்துக்கு வாய்ப்பு 10 சதவீதம் என்று வைத்தால், சாதகமும் பாதகமும் 1:9. ஊகம் உண்மையென்றால் மெய்க்காவலர் அங்கே நிற்பதற்கு 80 சதவீத வாய்ப்பு, பொய்யென்றால் 20 சதவீதம். விகிதம் 4. இப்போது நிலைமை 4:9, அதாவது 31 சதவீதம். அடுத்த துப்பு, சாகும் தறுவாயில் லியானா அண்ணனிடம் வாங்கிய வாக்குறுதி. என்ன வாக்குறுதி என்று சொல்லாமலே நெட் அதை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார். இதற்கு 3 மடங்கு எடை கொடுத்தால் 12:9, அதாவது 57 சதவீதம். மூன்றாவது, இரண்டாம் நாவலில் ரேகாரின் தங்கை டெனேரிஸுக்குத் தெரியும் காட்சி: பனிச்சுவரின் வெடிப்பில் ஒரு நீலப்பூ. நீல ரோஜா லியானாவுக்குரிய பூ, பனிச்சுவரில் இருப்பவன் ஜோன். 5 மடங்கு எடை. 60:9, அதாவது 87 சதவீதம். எந்தத் துப்பும் தனியாக எதையும் நிரூபிக்கவில்லை. பெருக்கல்தான் வேலையைச் செய்தது.

ஒரு நிபந்தனை உண்டு. துப்புகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே காட்சியில் வந்த ஒரே சங்கதியை மூன்று விதமாகச் சொல்லி மூன்று முறை பெருக்கினால் கணக்குப் பொய்த்துவிடும். பலவீனமான ஊகங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்த இடத்தில்தான் விழுகின்றன என்பது நான் கேட்டு வந்த வாதங்களிலிருந்து எனக்குத் தோன்றுவது.

ரசிகர்களுக்கு விஞ்ஞானிகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அதை நம்மூர் உதாரணத்தோடு சொல்லலாம். கல்லடிப் பாலத்தடியில் அமைதியான நிலாக் காலங்களில் வாவியின் அடியிலிருந்து இசை போல ஓர் ஒலி வருவதாக நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். 1848 செப்டெம்பரில் இங்கே வந்த, இலங்கையின் அன்றைய பிரித்தானியக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைக் கேட்டு எழுதி வைத்தார். இங்குள்ள மீனவர்கள் ‘பாடுவது இதுதான்’ என்று அவரிடம் கொண்டுவந்து காட்டியது மீனை அல்ல, ஊரியை, அதாவது ஓடுள்ள ஒரு நத்தை வகையை. மீனா, ஊரியா, நீரோட்டமா என்ற வாதம் அப்போதே இருந்தது. அந்த ஒலியை நமக்குத் துப்பாக இருக்கட்டும் என்று எவரும் வாவியில் வைக்கவில்லை. அது கேட்காமலே போயிருக்கலாம், வேறு சத்தத்தோடு கலந்துமிருக்கலாம். கதையில் வரும் நீலப்பூ அப்படியல்ல. அதை ஒருவர் யோசித்து அங்கே வைத்திருக்கிறார். வாசகர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும், உடனே கண்டுபிடிக்கக் கூடாது என்றும் விரும்பி வைத்திருக்கிறார். ஆகவே ரசிகர் கணிப்பது கதை மாந்தரை மட்டுமல்ல, கதை எழுதுபவரின் மனத்தையும் கூட. மூன்று முறை திரும்பி வரும் ஒரு பூவுக்கு அன்றாட வாழ்க்கையில் எடை குறைவு, நாவலில் எடை கூட.

இந்த வசதியே பொறியும் ஆகிறது. எல்லாவற்றையும் யாரோ வைத்ததாகப் பார்க்கத் தொடங்கினால் மேசையில் இருக்கும் கிண்ணமும் சகுனமாகிவிடும். 1960இல் உளவியலாளர் பீட்டர் வேசன் நடத்திய பரிசோதனை இதற்கு நல்ல மருந்து. 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்கு உட்பட்டவை, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் 8, 10, 12 போன்றவற்றையே சொல்லி, ‘சரி’ என்ற பதிலைக் கேட்டு, இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று முடிவு கட்டினார்கள். உண்மையான விதி, ஏறுவரிசையில் ஏதேனும் மூன்று எண்கள். 1, 2, 17 என்று ஒரு முறை கேட்டிருந்தால் உடைந்திருக்கும். தம் ஊகத்தை உடைக்கக்கூடிய கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. லியானா ஊகம் இந்தச் சோதனைக்கு நின்றது. பிறந்த காலமோ, ரேகார் இருந்த இடமோ பொருந்தாமல் போயிருந்தால் அது அன்றே செத்திருக்கும். எந்தக் காட்சி வந்தாலும் தாக்குப்பிடிக்கும்படி வளைக்கப்படும் ஊகத்துக்கு அத்தகைய ஆபத்தே இல்லை. எனக்கு அதில் ஈடுபாடும் இல்லை.

கல்லடிக் கடற்கரைக் குழுவில் கணித ஆசிரியர் கொண்டுவந்த ஒரு வழக்கம் என்னைக் கவர்ந்தது. பேச்சுத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் தம் கணிப்பையும் அதன் சதவீதத்தையும் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும்.

“சேர், நான் 90 போடுகிறேன். அந்த டிராகன் சாகாது.”

“கணிப்புப் பிழையானால் 81 போகும், தங்கச்சி. யோசித்துப் போடு.”

81 என்பது மிரட்டல் அல்ல, 1950இல் வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் முன்வைத்த அளவுகோல். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்த வேண்டும். 90 சதவீதம் என்று சொல்லிப் பிழைத்தால் 0.9இன் வர்க்கம் 0.81, நூறால் பெருக்கினால் 81 தண்டப்புள்ளி. 60 என்று சொல்லிப் பிழைத்தால் 36 மட்டுமே. 90 சொல்லிச் சரியானால் 1, 60 சொல்லிச் சரியானால் 16. கண்மூடித்தனமான உறுதிக்கும் தண்டனை, மழுப்பலுக்கும் தண்டனை. மனதில் உள்ளதை உள்ளபடி எழுதுபவருக்கே நீண்ட காலத்தில் தண்டம் குறையும்.

சீட்டை முன்கூட்டியே எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் சந்தையில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை மக்கள் ஊகித்தார்கள். பிரான்சிஸ் கோல்டன் 787 சீட்டுகளைச் சேகரித்து அடுக்கிப் பார்த்தபோது நடுவிலிருந்த ஊகம் 1207 இறாத்தல். உண்மை எடை 1198. பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அந்தச் சீட்டுகள் தனித்தனியே எழுதப்பட்டவை. 2011இல் சூரிச்சில் நடந்த ஆய்வொன்றில், மற்றவர்களின் விடையைப் பார்க்க விட்டதும் விடைகள் ஒன்றையொன்று நெருங்கின, துல்லியம் கூடவில்லை, தன்னம்பிக்கை மட்டும் கூடியது. குழுவில் வாய் வல்லவர் முதலில் பேசிவிட்டால் ஆறு மூளைகள் ஒரு மூளையாகிவிடும்.

சீட்டு இன்னொன்றையும் தடுக்கிறது. 1972இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன் மாணவர்களிடம் என்னென்ன நடக்கும் என்று உளவியலாளர்கள் பரூக் ஃபிஷோஃபும் ரூத் பேத்தும் கேட்டு வைத்தார்கள். பயணங்கள் முடிந்தபின், நீங்கள் அன்று என்ன சதவீதம் சொன்னீர்கள் என்று கேட்டபோது, நடந்துவிட்டவற்றுக்குத் தாம் கூடுதலாகவே கொடுத்திருந்ததாக அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். “இது எனக்கு அன்றே தெரியும், மச்சான்” என்று மனமாரச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நினைவு திருத்தி எழுதப்பட்டுவிட்டது.

இவ்வளவும் முடிவு தெரியாதபோது கிடைக்கும் இன்பம். முடிவு தெரிந்தாலும் இன்பம் குறைய வேண்டியதில்லை என்பதற்கு அம்பாறை மாவட்டத்தின் பாண்டிருப்பே சாட்சி. திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் நடக்கும் சடங்கில் வனவாசமும் தவநிலையும் தீமிதிப்பும் வரும். யார் வெல்வார், யார் வீழ்வார் என்பது அங்கே நிற்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கூட்டமோ அலைமோதும். வடமோடிக் கூத்துக்கு விடிய விடிய விழித்திருப்பவர்களும் முடிவை அறியாதவர்கள் அல்லர். 2011இல் உளவியலாளர்கள் லெவிட்டும் கிறிஸ்டென்ஃபெல்டும் சான் டியகோவில் 12 சிறுகதைகளை வைத்து ஆராய்ந்தபோது, முடிவு முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்களே சராசரியாகக் கூடுதலாக ரசித்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதையே சொல்லவில்லை. என் பார்வையில், முடிவு தெரிந்ததும் கேள்வி ‘என்ன’ என்பதிலிருந்து ‘எப்படி’ என்பதற்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் 2019 மே 19 அன்று முடிந்த ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசிப் பருவத்தில் ஏன் அத்தனை ஊகங்கள் பொய்த்தன? ரசிகர்கள் திடீரென்று முட்டாள்கள் ஆகவில்லை. ஐந்தாவது நாவல் 2011இல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை. ஆறாம் பருவத்திலிருந்து தொடர் பெரும்பாலும் நாவல்களைத் தாண்டிப் போய்விட்டது. துப்புகளை ஆண்டாண்டாகப் புதைத்து வைத்தவர் ஒருவர், கதையை முடித்துக் காட்டியவர்கள் வேறு சிலர். மார்ட்டினின் மனத்தைக் கணிக்கப் பழகிய கருவியைக் கொண்டு வேறு மனங்களை அளந்தார்கள். சிலர் இதை முன்பே உணர்ந்து கதைக்கு வெளியே துப்புத் தேடினார்கள். 2015இல் ஜோன் ஸ்னோ குத்துப்பட்டு வீழ்ந்தபின், அவன் மீள்வானா என்ற கேள்விக்கு அவர்கள் பார்த்தது நடிகர் கிட் ஹரிங்டனின் தலைமுடி வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும், படப்பிடிப்பு நடந்த பெல்ஃபாஸ்டில் அவர் நடமாடுகிறாரா என்பதையும். கதையழகு இல்லாத துப்பு, ஆனால் எடை மிக்கது. 2016 மேயில் ஜோன் கண் விழித்தான்.

ஒரு கணக்கு மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. ஜோனின் தாய் யார் என்பது திரையில்தான் உறுதியாகியிருக்கிறது, நாவலில் இன்னும் எழுதப்படவில்லை. ஆகவே நாவலைப் பொறுத்தவரை நம் 60:9 அப்படியே நிற்கிறது, புதிதாக ஒரு துப்பு மட்டும் சேர்ந்திருக்கிறது: தொடர் அப்படிச் சொன்னது. உரிமை கேட்டு வந்த தயாரிப்பாளர்களிடம் மார்ட்டின், ஜோனின் தாய் யார் என்று கேட்டு, அவர்கள் சொன்ன விடைக்குப் பிறகே கதையை ஒப்படைத்தார் என்பது அவர்களே பலமுறை சொன்ன செய்தி. இந்தத் துப்புக்கு 20 மடங்கு எடை கொடுத்தால் 1200:9. பொய்யாக இருக்க வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கணித ஆசிரியரிடம் கேட்டேன். அவர் 99 என்று எழுதி, 100 என்று எழுத மறுத்துவிட்டார்.