மார்கழிப் பனியும் மணலிப் புகையும்

மார்கழி பிறந்ததும் நாலரைக்கே எழுந்து குளித்து, திருவொற்றியூர் கோயிலுக்கோ காசிமேடு பக்கம் கடலோரமாகவோ நடப்பது வடசென்னையில் பலருக்குப் பழக்கம். மனசுக்கு நல்லதுதான். ஆனால் இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு அந்த நேரம் ஆகாது.

காரணம் குளிர் மட்டும் இல்லை. சென்னையின் டிசம்பர் விடியல் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடுகிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். மணலி ஆலைப் புகை, எண்ணூர் சாலையின் கன்டெய்னர் லாரிப் புகை, குப்பை கொளுத்தும் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடாகி அது கலைய எட்டு, எட்டரை ஆகும். நடையை அதற்குப் பிறகு வையுங்கள், இல்லையென்றால் மாலைக்கு மாற்றுங்கள். மஃப்ளரால் காதை இறுக்கிக் கட்டி மூக்கைத் திறந்துவிடுகிறோம். புகை காது வழியாகவா போகிறது? துணி நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 மாஸ்க் தடுக்கும்.

வீட்டுக்குள் கொசுவத்தியைக் கொளுத்தி ஜன்னலைச் சாத்துவதும் அதே கதைதான். வலை கட்டுங்கள். பரணிலிருந்து எடுத்த கம்பளியைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு போர்த்துங்கள்.

டிசம்பரில் வீசிங் கூடுவதற்குப் பல வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் நன்றாக இருக்கிறதே என்று தினசரி பம்பை (இன்ஹேலரை) நிறுத்தியிருப்பார்கள். அது மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கும் மருந்து. விட்டால் வீக்கம் சத்தமில்லாமல் திரும்பும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. எடுக்கும் முறையும் முக்கியம்: பம்பைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதடுகளால் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். 10 விநாடி அடக்குங்கள். இரண்டாவது அழுத்தத்துக்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். பம்பின் வாயில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்தால் அந்தச் சிக்கல் குறையும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையேல் வாயில் வெண்படலம் வரலாம்.

விடியலில் எழும் பழக்கத்தை விட வேண்டாம். ஒரு பத்து நிமிடத்தை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கழிக்கலாம், ஊதுவத்தியும் சாம்பிராணியும் இல்லாமல். தோளைத் தளர்த்தி, இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை விடுங்கள். பலமாக ஊதினால் தலை சுற்றும், மெல்ல விட்டால் போதும். பிறகு காலண்டர் தாளில் இரண்டே குறிப்பு: நேற்று இரவு இருமலால் எழுந்தேனா? மூச்சு முட்டும்போது எடுக்கும் அவசரப் பம்பை எத்தனை முறை எடுத்தேன்? அவசரப் பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் போனாலோ, இரவில் இருமி எழுந்தாலோ, இளைப்பு கட்டுப்பாட்டில் இல்லை. அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

போகியன்று விடிகாலையில் ஜன்னல்கள் மூடியே இருக்கட்டும். தெருவில் புகை அடங்கிய பிறகு திறந்துகொள்ளலாம்.