ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரலை

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிக் கேட்டுவிடலாம்: "அண்ணே, ஃபேன் ஓடுது, ஆனா டிஸ்ப்ளே வரலை." கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றுவார். ராம் எனப்படும் தற்காலிக நினைவகப் பட்டையை நெம்பி எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் விளிம்பை நாலு தேய் தேய்த்து, ஊதிவிட்டு, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் சொருகுவார். பல சமயம் சிஸ்டம் எழுந்துவிடும்.

பார்க்கிறவருக்கு இது வேப்பிலை அடிப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் அந்த ஒரே வாக்கியத்தில் அவருக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது. கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றுவார்கள் அல்லவா, கம்ப்யூட்டர் எழுவதும் அப்படித்தான். ஒவ்வொரு பகுதியும் தன் வேலையை முடித்து அடுத்ததன் கையில் கொடுக்கிறது. ஃபேன் ஓடுகிறது என்றால் முதல் ஆள் செங்கலைக் கொடுத்துவிட்டார். திரை வரவில்லை என்றால் நாலாவது ஆளிடம் அது போய்ச் சேரவில்லை. நடுவில் யார் கையில் நின்றது என்பதுதான் கேள்வி.

முதல் ஆள் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. நாம் அழுத்தும் பவர் பட்டன் மின்சாரத்தை நேரடியாகத் திறந்துவிடுவதில்லை. பிளக் செருகி சுவிட்ச் போட்டிருந்தாலே எஸ்.எம்.பி.எஸ். எப்போதும் ஒரு 5 வோல்ட்டைக் கசியவிட்டபடிதான் இருக்கிறது. எல்லாப் பகுதிகளும் வந்து சேரும் தாய்ப்பலகையான மதர்போர்டில் ஒரு பகுதி அதை வைத்துத்தான் அரைத்தூக்கத்தில் காத்திருக்கிறது. பட்டனைத் தட்டியதும் அது ஒரு பச்சைக் கம்பியை பூஜ்ய வோல்ட்டுக்கு இழுக்கும். அதைப் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் வழிகளைத் திறக்கும். மூன்றும் நிலைப்பட்டபின் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் அரை வினாடி வரை பொறுத்துவிட்டு 'மின்சாரம் சரி' என்று ஒரு சைகை அனுப்பும். அதுவரை கணினியின் மூளையான பிராசசரை எழவிடாமல் ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருப்பார்கள்.

ஃபேன் அரைச்சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுபோனால், எங்கோ ஷார்ட் ஆகி எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒன்றுமே அசையாவிட்டால் முதலில் சுவரில் உள்ள பிளக் பாயிண்டைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பல வீடுகளில் பழுது அங்கேதான் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் பிரிக்கவே வேண்டாம். வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் சற்று நேரம் தங்கியிருக்கும்.

சரி, பிராசசர் விழித்துவிட்டது. இப்போதுதான் பெரிய சிக்கல். நிரல்கள் இருப்பது டிஸ்க்கில். டிஸ்க்கைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் ஓட ராம் வேண்டும். ராமைத் தயார்ப்படுத்தவும் ஒரு நிரல் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மதர்போர்டில் ஒரு சின்ன ஃபிளாஷ் சிப் இருக்கிறது. மின்சாரம் போனாலும் அதிலுள்ளது அழியாது. பழைய கணினிகளில் அதிலுள்ள நிரலுக்கு பயாஸ் என்று பெயர், இப்போது யூஇஎஃப்ஐ. இன்றைய இன்டெல் பிசி பிராசசர் விழித்ததும் யோசிக்காமல் போய்ப் படிக்கும் முதல் இடம், 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரி. அங்கே அந்த ஃபிளாஷ் சிப்பின் வாசல் இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பதினாறு பைட்டில் என்ன செய்ய முடியும்? 'இன்ன இடத்துக்குத் தாவு' என்று ஒரே ஒரு கட்டளை. அது போதும். ராம் இன்னும் தயாரில்லை என்பதால், இந்த நிரல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தைத் தற்காலிக ராமாக வைத்துச் சமாளிக்கும்.

அடுத்து ராம். இங்கேதான் ரப்பரின் வேலை. 3200 என்று அச்சிட்ட ஒரு டிடிஆர்4 ராமில், தரவு போகும் ஒவ்வொரு தடத்திலும் வினாடிக்கு 320 கோடி முறை தரவு மாறுகிறது, அதுவும் 1.2 வோல்ட்டில். அந்தப் பட்டையின் விளிம்பில் 288 தொடுபுள்ளிகள். மேலே தங்கப் பூச்சுதான், தங்கம் துருப்பிடிக்காதுதான். ஆனால் பூச்சு மிக மெலிது. அதன் நுண்துளைகள் வழியாக அடியிலுள்ள உலோகம் ஈரக்காற்றோடு சேர்ந்து படலம் கட்டும். கூடவே தூசி, விரல் எண்ணெய். ஃபேனுக்குப் போகும் 12 வோல்ட் இதையெல்லாம் பொருட்படுத்தாது. ராமுக்கு இது சுவர். ரப்பர் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுக்கிறது. கழற்றி மாட்டும் உராய்விலேயே பாதி சரியாகிவிடும் என்பது என் அனுபவம். மாதாமாதம் தேய்த்தால் தங்கமும் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி இதைவிட நல்லது.

ராம் சரியாக உட்கார்ந்திருந்தாலும், ஒவ்வொரு தடத்திலும் எந்த நொடித்துணுக்கில் படித்தால் பிழையின்றி வரும் என்று சிஸ்டம் சோதித்துப் பார்த்துக்கொள்ளும். புதிதாக டிடிஆர்5 ராம் போட்டால் முதல் தடவை இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பயந்துபோய் நடுவில் பட்டனை அணைப்பவர்கள் உண்டு. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இந்தக் கட்டம்வரை திரை கிடையாது என்பதால்தான் பழைய கணினிகள் 'பீப்' என்று கத்தின. ஒரு நெட்டொலி, இரண்டு குற்றொலி என்றால் அவார்டு பயாஸில் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. மற்ற பயாஸ்களில் கணக்கு வேறு. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதில் பிராசசர், ராம், டிஸ்ப்ளே, பூட் என்று நாலு குட்டி விளக்குகள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே செங்கல் நிற்கிறது. ஸ்பீக்கர் உள்ள சிஸ்டமாக இருந்தால் இன்னொரு வழி: பிளக்கைப் பிடுங்கி, ராமை எல்லாம் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். கத்தினால் நல்ல செய்தி. பிராசசரும் பயாஸும் உயிரோடு இருந்தால்தானே ராம் இல்லை என்று புகார் சொல்ல முடியும்!

திரையில் நிறுவனச் சின்னம் வந்துவிட்டால் இதுவரை சொன்னதில் பெரும்பகுதி சரி என்று பொருள். அடுத்து டிஸ்க். அதில் ஒரு சின்னக் கதை.

என் பழைய டெஸ்க்டாப் ஒருநாள் விண்டோஸ் சின்னம்வரை வந்து, 'விழுந்துவிட்டேன்' என்று விண்டோஸ் சொல்லும் நீலத்திரையைக் காட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பார்த்த டெக்னீஷியன், "ஹார்டுடிஸ்க் போச்சு சார், இல்லேன்னா ஓ.எஸ். கரப்ட். ஃபார்மட் பண்ணிப் போட்டுடலாம்" என்றார். எதற்கும் ஒருமுறை பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். கடிகாரம் பல வருடம் பின்னால், ஒரு ஜனவரி 1-ல் நின்றிருந்தது. மதர்போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. 3 வோல்ட் தரும் அதுதான் சிஸ்டம் அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும், பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றுகிறது. அது தீர்ந்ததும் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ-யிலிருந்து தொழிற்சாலை அமைப்பான ஐடிஇ-க்குத் திரும்பிவிட்டது. விண்டோஸ் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் விழுந்திருக்கிறது. பேட்டரியை மாற்றி, அந்த ஓர் அமைப்பைத் திருப்பி வைத்ததும் எழுந்துவிட்டது. ஃபார்மட் செய்திருந்தாலும் எழுந்திருக்கும்தான், என் பத்து வருடப் புகைப்படங்கள் இல்லாமல்.

விண்டோஸுக்குள் இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தால் அதன் உட்கரு (கெர்னல்) முழுதாக மூடப்படுவதில்லை. அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு அடுத்த முறை திரும்ப எடுக்கப்படுகிறது. சீக்கிரம் எழ அந்த ஏற்பாடு. ஆகவே கோளாறும் பத்திரமாகத் திரும்பி வரலாம். புதிதாகத் தொடங்கவேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும்.

கடைசி ஆள் கையில் செங்கல் நின்றால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பு, விண்டோஸின் உட்கருவில் ஓடும் பகுதியைக் கவிழ்த்தது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் அந்தத் திருத்தத்தை இணையத்தில் வாங்கவேண்டுமானால் முதலில் எழ வேண்டும். எழப் பார்த்தால் மறுபடி விழுந்தன. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்னவோ எளிது: இன்றியமையாத டிரைவர் நிரல்களோடு மட்டும் எழும் 'சேஃப் மோடு'க்குப் போய் ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது.

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரால் பூட்டிய டிஸ்க் என்றால், அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியையும் தட்ட வேண்டும். சில நிறுவனங்களில் அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் அதே நீலத்திரையில் நின்றுகொண்டிருந்தது.