ஆட்டுக்கு எண்ணெயும் கடற்பாசியும்: ஊற்றுவதற்கு முன் ஒரு கணக்கு

எண்ணெய் கலந்து கொடுத்தால் செம்மறிக்கு எடை ஏறும், கடற்பாசி போட்டால் செரிமானம் சீராகும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்றுகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு என்பதை யாரும் சொல்வதில்லை. அளவு தப்பினால், நல்ல சோளத்தட்டை முன்னால் கிடந்தும் ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

தட்டையையும் கடலைக்கொடியையும் செரிப்பது ஆடு அல்ல, அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். எண்ணெய் மிஞ்சினால் நாரின் மேல் படலமாகப் படிந்து அவற்றை அண்டவிடாது. போதாக்குறைக்கு, கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றின் கொழுப்பு அமிலங்கள் நாரை உடைக்கும் பாக்டீரியாக்களையே முடக்கும். தேங்காய் எண்ணெய் இன்னும் கடுமையானது: ஆடு ஏப்பத்தில் விடும் மீத்தேன் வாயுவைக் குறைக்கும், கூடவே தீனி எடுப்பையும் குறைக்கும்.

ஆடு தின்னும் மொத்த உலர்பொருளில் (தீனியில் ஈரம் போக மிஞ்சுவது) கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 30 கிலோ ஆடு நாளுக்குச் சுமார் 900 கிராம் உலர்பொருள் தின்னும். அப்படியென்றால் உச்சவரம்பு 54 கிராம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தீவனத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெயை யாரும் எண்ணுவதில்லை. எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் 14 சதவீதம் வரை கொழுப்பு உண்டு. 200 கிராம் வைத்தால் 28 கிராம் வந்துவிட்டது. செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்கு 100 கிராமில் 8 கிராம். மீதி 600 கிராம் தட்டையும் மேய்ச்சலும் 2 சதவீதக் கணக்கில் 12 கிராம். கூட்டினால் 48. மிச்சம் 6 கிராம், அரை மேசைக்கரண்டிக்கும் குறைவு. இந்த ஆட்டுக்கு எண்ணெய் வாங்குவது வீண் செலவு. பருத்திக்கொட்டையும் வைப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எண்ணெய் நீக்கிய தவிடும், அதேபோல் எண்ணெய் எடுத்த ஆலைப் புண்ணாக்கும் போடும் பண்ணைகளில் எண்ணெய் சேர்க்க இடம் இருக்கிறது. அங்கும் ஆட்டுக்கு 5 கிராமில் தொடங்கி, நான்கு நாளுக்கு ஒருமுறை 5 கிராம் கூட்டி, 20 கிராமோடு நிறுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 14 கிராம். அன்றன்றைக்குத் தேவையான அடர்தீவனத்தில் (தவிடு, புண்ணாக்கு) மட்டும் கையால் பிசிறிக் கலக்கவும். நம்மூர் சித்திரை வெயிலில் கலந்து வைத்த தீவனம் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும். பஜ்ஜிக் கடையில் மிஞ்சிய எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி ஊற்றுவது கூடவே கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எண்ணெய் வேண்டாம்.

தினமும் காலையில் பட்டியைக் கூட்டும்போது புழுக்கையைப் பாருங்கள். தனித்தனியாக உதிர்ந்து கிடந்தால் சரி. ஒன்றோடொன்று ஒட்டி, மினுமினுப்பாக, கொழகொழவென்று இருந்தால் எண்ணெய் மிஞ்சிவிட்டது. மதியம் படுத்திருக்கும் ஆடுகளில் பாதியாவது அசைபோட வேண்டும். இல்லையென்றால் எண்ணெயை நிறுத்திவிட்டு உலர்தீவனம் மட்டும் கொடுங்கள்.

வயிறு உப்பினால் எண்ணெய் ஊற்றுவது வேறு விஷயம். ஐப்பசி மழைக்குப் பின் இளந்தட்டைப்பயறு, பயறுக்கொடி வயலில் புகுந்த ஆட்டுக்கு நுரை கட்டி இடப்பக்கம் வீங்கும். அந்த நுரையை உடைக்கக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ பெரிய ஆட்டுக்கு 50 மில்லி போதும். தலையை அண்ணாந்து தூக்காமல், நாக்கை இழுக்காமல், கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும்; உப்புசத்தில் பிழைத்த ஆடு அதில் சாகும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று உப்பினால் அது அமிலக் கோளாறு, எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. தாமதிக்காமல் கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு அழையுங்கள்.

கடற்பாசிக்கு வருவோம். மீத்தேனைக் குறைத்துப் பேர் வாங்கியது அஸ்பரகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசி. அதன் வேலையைச் செய்வது புரோமோஃபார்ம் என்ற எளிதில் ஆவியாகும் பொருள். வெயிலில் காயவைத்தால் பெருமளவு பறந்துவிடும். மண்டபம் பக்கம் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் வேறு சாதி. அதை உப்புச்சத்தும் தாதுவும் தரும் துணைத்தீவனமாக மட்டும் நினைத்தால் ஏமாற்றம் இருக்காது.

நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, மணலில் அல்லாமல் தார்ப்பாயில், ஒடித்தால் முறியும் அளவுக்குக் காயவைத்து அரைக்கவும். பெரிய ஆட்டுக்கு நாளுக்கு 10 கிராம், எக்காரணம் கொண்டும் 20-க்கு மேல் வேண்டாம். பாசி கொடுக்கும் நாட்களில் தீவனத்தில் கல்லுப்பைக் குறைத்து, தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி பாருங்கள். கரையில் ஒதுங்கிய கட்டக்கோரையை அள்ளி வருவது வேண்டாம்: அது பழுப்புப் பாசி, அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு சேரும். பழுப்புப் பாசிகளில் அயோடினும் கூடுதல்; சினை ஆட்டுக்கு அயோடின் மிஞ்சினால் குட்டி கழுத்துக் கழலையோடு பிறக்கும். பயிருக்குத் தெளிக்கும் பாசித் திரவமும் தீவனம் அல்ல.

ஸ்காட்லாந்தின் நார்த் ரொனால்ட்சே தீவில் ஆடுகள் கடற்பாசியையே தின்று வாழ்கின்றன என்று யாராவது காட்டுவார்கள். அங்கே 1832-ல் சுவர் எழுப்பி ஆடுகளைக் கரையோரமாகவே நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பழகிய இனம் அது. தாமிரம் குறைவான பாசியிலேயே வாழ்ந்ததால், சாதாரணப் புல்லில் உள்ள தாமிரம்கூட அதற்கு நஞ்சாகலாம். வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைக்கட்டிக் கருப்போ ராமநாதபுரம் வெள்ளையோ அந்தக் கணக்கில் வராது. ஆனால் செம்மறி எந்த இனமானாலும் தாமிரம் மிஞ்சினால் தாங்காது. ஆகவே பாசித்தூளோடு தாது உப்புக்கலவை சேர்ப்பதாக இருந்தால் மாட்டுக்கு உரியதைத் தொடாமல், செம்மறிக்கென்று அச்சிட்ட பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்.