வலிக்காமல் கடிக்கும் கட்டுவிரியன்

அறுவடைக் காலத்தில் டெல்டாவில் பலருக்கு ராத்திரிப் படுக்கை வெட்டவெளியில்தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, முறை வரும்வரை பக்கத்திலேயே தார்ப்பாயில் படுத்துக் காவல் காப்பார்கள். அப்படிப் படுத்தவர் ஒருவர் விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்று எழுகிறார். வாந்தி வருகிறது. அப்புறம் இமை சரிகிறது, பேச்சு குழறுகிறது, கை கால் மரத்துப்போன மாதிரி தளர்கிறது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், பக்கவாதமோ என்றும் பயப்படுவார்கள். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் இழுக்கும். இரண்டு இமையும் சேர்ந்து சரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கட்டுவிரியனை.

கறுத்துப் பளபளக்கும் உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் கொண்ட இந்தப் பாம்பு இரவில்தான் நடமாடும். பல் சிறியது. கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது, பல நேரம் தடமும் தெரியாது. தூங்குகிறவர் விழிக்காமலே போகலாம்.

மரத்தது போலிருந்தாலும் தொட்டால் பெரும்பாலும் தெரியும். கெடுவது நரம்பும் தசையும் சந்திக்கும் இடம். மூளையின் கட்டளை நரம்பு வழியே ஓடிவந்ததும், நரம்பு நுனியில் நுண்பைகளில் இருக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேறும். அது நூலிழை இடைவெளியைத் தாண்டித் தசையின் ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். கட்டுவிரியனின் விஷத்தில் இதைக் குலைக்கும் நச்சுப் புரதங்கள் இரண்டு வகை. ஒரு வகை ஏற்பிகளில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. இன்னொன்று நரம்பு நுனியையே சிதைத்து, நுண்பைகளைக் காலியாக்குகிறது. முன்னது வயலின் மடையை அடைப்பது போல. பின்னது வாய்க்காலையே உடைப்பது. தளர்ச்சி இமையில் தொடங்கித் தொண்டை, கழுத்து என்று இறங்கி, மூச்சுத் தசைகளை எட்டும்போதுதான் உயிருக்கு ஆபத்து.

நேரம் ஏன் இத்தனை முக்கியம் என்பதும் இதில்தான் இருக்கிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. இதற்கான விஷத்தைத் தருவதில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். சிதைந்த நரம்பு நுனியை ஒட்டவைக்காது. ஆகவே கயிற்றால் இறுக்கிக் கட்டுவதிலும் கீறுவதிலும் நேரத்தைத் தொலைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும், தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். வாந்தி இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 'வெளியில் படுத்திருந்தார்' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரத்த உறைதல் சோதனை சரியாக இருப்பதை வைத்து இந்தக் கடி இல்லை என்று முடிவு கட்ட முடியாது; இந்த விஷம் பொதுவாக இரத்தம் உறைவதைக் கெடுப்பதில்லை.

முற்றிலும் அசைவற்றுப்போனவரையும் கைவிடக் கூடாது. கண் திறக்காமல், விரல் அசைக்காமல் கிடந்தாலும் அவருக்கு நினைவு இருக்கலாம். பக்கத்தில் பேசுவது காதில் விழலாம். செயற்கைச் சுவாசம் மூச்சைத் தாங்கிக்கொண்டிருந்தால், நாட்களிலோ வாரங்களிலோ நரம்பு நுனிகள் புதிதாக வளர்ந்து தசைகளைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.