சட்டைக்குள் மறைக்கும் பிஸ்டலும் வட்டைக்குப் போகும் துவக்கும்: லைசன்ஸ் எதற்கு இடம் தருகிறது?

களுவாஞ்சிகுடிப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி அண்மையில் என்னிடம் கேட்டார்: "அண்ணன், பின்னேரம் கடைக்காசை எடுத்துக்கொண்டு தனியப் போறன். ஒரு பிஸ்டலை வெளியில தெரியாம இடுப்பில வைக்க எந்த உறை நல்லம்?" கையில் இருந்த போனில் ஒரு அமெரிக்கர் பேசிக்கொண்டிருந்தார். காற்சட்டைப் பட்டிக்குள் செருகுவது, கணுக்காலில் கட்டுவது, கக்கத்தின் கீழ் தொங்கவிடுவது, எதை அணிந்தால் இருக்கும்போது குத்தாது, எந்தச் சட்டை போட்டால் புடைத்துத் தெரியாது என்று வரிசையாகக் காட்டினார்.

அங்கே அது நியாயமான பேச்சு. அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் தனியான அனுமதி இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோகலாம். அதனால் அவர்களுக்கு உறை எது, பட்டி எது என்பதுதான் முதல் கேள்வி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிற நமக்கு அந்தக் கேள்வி கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு கடுதாசி வேண்டும். அந்தக் கடுதாசி யாருக்கு, எதற்கு, எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அந்தத் தம்பியைப் போலவே, வட்டைக்கு, அதாவது வயலுக்கு, காவல் போகிற எத்தனையோ பேரும் இதைச் சரியாகத் தெரியாமல் பொலிசில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டம் பழையது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச்சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது, பல தடவை திருத்தப்பட்டு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கியை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் ஆயுள்தண்டனை வரைக்கும் போகும். துப்பாக்கி என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்கிற விதமே சுவையானது. குழலிலிருந்து புறப்படுகிற குண்டோ, சில்லு என்கிற சின்ன ஈயக்குண்டோ, குறித்த தூரத்தில் அடுக்கி வைத்த வைக்கோல் அட்டைகளில் எத்தனையைத் துளைக்கிறது என்பதை வைத்து அளக்கிறார்கள். கம்பனியில் செய்ததா, கொல்லன் பட்டறையில் தட்டியதா என்று அது பார்ப்பதில்லை. ஊரில் செய்கிற நம்முடைய இடியன் துவக்கும் அட்டையைத் துளைத்தால் துப்பாக்கிதான்.

லைசன்ஸ் மூன்று விஷயத்தோடு கட்டிப்போட்டது: ஒரு ஆளின் பெயர், ஒரு தேவை, ஒரு வருடம். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும், கையில் இருப்பது லைசன்ஸ் இல்லாத துவக்கு.

முதலில் கைத்துப்பாக்கியைப் பார்ப்போம். பிஸ்டல், ரிவால்வர் எல்லாம் தனிப்பட்ட பாதுகாப்பு என்ற தேவைக்குள் வரும். அதற்கான முடிவு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இல்லை, கொழும்பில் பாதுகாப்பு அமைச்சில் இருக்கிறது. உயிருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது என்று விண்ணப்பிப்பவர்தான் காட்ட வேண்டும். பொலிஸ் விசாரித்து அறிக்கை கொடுக்கும். "காசு கொண்டுபோகும்போது பயமாக இருக்கிறது" என்பது மட்டும் போதாது. அப்படி எடுத்தவர்களிடமும் அது நிரந்தரமாக இருப்பதில்லை. 2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளை எல்லாம் தோட்டாக்களோடு தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. ஒப்படைக்க வேண்டிய இடம் வெலிசறைக் கடற்படை முகாம். ஒவ்வொருவருக்கும் அது உண்மையில் தேவையா என்று திரும்பவும் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. கடதாசி எல்லாம் சரியாக வைத்திருந்தவர்களும் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. லைசன்ஸ் என்பது அரசு தருகிற சலுகை, அதைத் திருப்பிக் கேட்கவும் அரசால் முடியும்.

அந்த அனுமதி கையில் இருக்கிற மிகச் சிலருக்கு மட்டும் உறையைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. விசைப்பகுதியை முழுதாக மூடுகிற, இறுக்கமான உறை வேண்டும். உறையில்லாமல் இடுப்பில் செருகுவதோ, சாமான் பையில் சாவியோடும் போனோடும் போட்டுவிடுவதோ கூடாது. மோட்டார்சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கடைக்குள் போவதும் கூடாது. லைசன்ஸ் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், பொலிஸ் கேட்டால் காட்ட வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் நிற்கிற சனத்துக்குள் அதைக் கட்டிக்கொண்டு நுழைவதைவிட வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போவது நல்லது. பொலிஸ் சோதனையில் மறிக்கிறார்கள் என்றால், கையை இடுப்புக்குக் கொண்டுபோகாமல், முதலில் வாயால் சொல்லுங்கள்: "என்னிடம் லைசன்ஸோடு பிஸ்டல் இருக்கிறது."

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்முடைய மாவட்டத்தில் துவக்கு என்ற சொல்லுக்கே வேறு கனம் இருக்கிறது. 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவுக் காவலரணில் பொலிசார் இருவரைக் கொன்று, அவர்களின் துப்பாக்கிகளைக் கொண்டுபோனார்கள். அதற்காக முதலில் பிடிபட்ட முன்னாள் போராளிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது, அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்த பிறகுதான் தெரியவந்தது. மாதக்கணக்கில் ஒரு குடும்பம் அலைந்தது. சந்தேகம் இவ்வளவு லேசாக விழுகிற மண்ணில், சட்டைக்குள் தெரியாமல் ஒன்றைக் கொண்டுதிரிவது எந்தப் பாதுகாப்பையும் தராது.

சரி, நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு வேண்டியது பிஸ்டல் இல்லை. வேளாண்மைக் காவலுக்கு ஒரு சொட்கன். பெரும்போகத்தில் கதிர் பால்பிடிக்கிற நேரம் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, கரடியனாறு, கிரான் பக்கமும், அம்பாறையில் திருக்கோவில், சாகாமம், பொத்துவில் பக்கமும் ஒரு இரவு வயல் குடிசையான வாடியில் படுத்துப் பார்த்தால் தெரியும். பன்றிக்கூட்டம் ஒரு வரவைக்குள் இறங்கினால் விடியும்போது அங்கே கதிர் இருக்காது, உழுது விட்ட சேறுதான் இருக்கும்.

இதற்கான லைசன்ஸ் பயிர்ப் பாதுகாப்பு என்ற தேவையில் கிடைக்கிறது. விண்ணப்பத்தோடு காணி உங்களுடையது, அல்லது நீங்கள் செய்கை பண்ணுவது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அதைக் கமநல சேவை நிலையம் உறுதிப்படுத்தும். கிராம சேவகர் உங்களைப் பற்றி எழுத வேண்டும். பிரதேச செயலாளரின் சிபார்சும் பொலிஸ் அறிக்கையும் வேண்டும். அதன் பிறகு அது மேலே போகும். அனுமதி வந்ததும் லைசன்ஸ் வேலை கச்சேரியோடு. நான் பார்த்த வரையில் விண்ணப்பங்கள் தடைப்படுவது பெரும்பாலும் காணிப் பிரச்சினையால். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் எத்தனையோ பேர் தகப்பன் பெயரில், பாட்டன் பெயரில் இருக்கிற காணியைத்தான் செய்கிறார்கள். பெரிய காணிக்காரரான போடியாரிடம் குத்தகைக்கு எடுத்தவரிடம் வாய்ப்பேச்சைத் தவிர எழுத்தில் ஒன்றுமே இருக்காது. துவக்கைக் கேட்பதற்கு முதல், கமநல நிலையத்தில் உங்கள் பெயரில் செய்கை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பசளைக்கும் நட்டஈட்டுக்கும் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள், ஆகவே அந்த அலைச்சல் வீண்போகாது.

லைசன்ஸ் கிடைத்தாலும் தோட்டாவைக் கடையில் விருப்பத்துக்கு வாங்க முடியாது. அதற்கும் அனுமதி, அதற்கும் எண்ணிக்கை, அதற்கும் பதிவு. சுட்ட கோதுகளை எறிந்துவிடாமல் ஒரு டின்னில் போட்டு வைத்தால் கணக்குக் கேட்கும்போது உதவும்.

இனி அதை வட்டைக்குக் கொண்டுபோவது. என் பெரியப்பா கொண்டுபோன விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர் (bore) அளவுச் சொட்கன். வீட்டுக்குள்ளேயே முறித்து, அதாவது நடுவில் மடித்துத் திறந்து, குழலுக்குள் வெளிச்சம் பார்ப்பார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, பழைய சாரத்துணியில் தைத்த பைக்குள் வைப்பார். தோட்டா வேறு, சட்டைப்பைக்குள். லைசன்ஸ் ஒரு பொலித்தீனுக்குள் மடித்து, வெற்றிலைப் பெட்டியின் அடியில். "ஆராவது மறிச்சா மனே, முதல்ல பெட்டியத் திற, பிறகு பையத் திற" என்பார். சைக்கிள் பாருக்கு நீளவாக்கில் கட்டுவார், வாய் கீழே பார்க்க. வாடிக்குப் போய்ச் சேர்ந்து, பரணில் ஏறி, துவக்கைக் கயிற்றில் மேலே எடுத்த பிறகுதான் தோட்டா போடுவார். விடிய இறங்குவதற்கு முதல் திரும்பவும் முறித்து எடுத்துவிடுவார். மறைத்துக்கொண்டு போனதே இல்லை. இவர் காவலுக்குத்தான் போகிறார் என்று அந்த வழியில் எல்லாருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் அவரிடம் பயம் இருக்கவில்லை.

காவலுக்கென்று எடுத்த துவக்கு காவலுக்கு மட்டும்தான். கலியாண வீட்டில் வெடி வைக்கவோ, மச்சானோடு காட்டுக்கு வேட்டைக்குப் போகவோ அந்த லைசன்ஸ் துணைக்கு வராது. "நான் இண்டைக்கு வரேல்லை, நீ கொண்டுபோ" என்று வயலைப் பார்க்கிற முல்லைக்காரரிடமோ மகனிடமோ கொடுத்துவிடுவதும் அப்படித்தான். லைசன்ஸில் பெயர் இல்லாதவர் பிடிபட்டால் அவருக்கும் வழக்கு, கொடுத்தவருக்கும் கரைச்சல்.

யானையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பயிர்க்காவல் லைசன்ஸ் யானையைச் சுடுவதற்கான அனுமதி இல்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அது பெரிய குற்றம். யானை வந்தால் வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கிற யானை வெடியைத்தான் போட வேண்டும். கோபத்தில் சில்லால் சுட்டால் யானை உடனே சாகாது. புண்ணோடு காட்டுக்குள் போகும், அழுகும், பிறகு கண்ணில் பட்ட மனிதரையெல்லாம் துரத்தும். உன்னிச்சைப் பக்கமும் தாந்தாமலைப் பக்கமும் விடியப்புறம் சைக்கிளில் போகிறவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தச் சூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

அதைவிட மோசமானவை, கயிறு தட்டுப்பட்டால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கும், இரைக்குள் மறைத்து வைக்கிற பன்றிவெடியும். இரண்டுக்கும் லைசன்ஸே கிடையாது, எந்த அதிகாரியாலும் கொடுக்க முடியாது. பன்றிவெடி வெடிபொருள் சட்டத்துக்குள்ளும் வரும். கட்டுத்துவக்கு யார் வருகிறார் என்று பார்ப்பதில்லை. மாடு தேடிப் போகிற பட்டிக்காரர், தேன் எடுக்கப் போகிறவர், விறகுக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் அந்தக் கயிறு ஒன்றுதான். முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். கட்டியவர் அவருடைய சொந்த மச்சான். லைசன்ஸ் எடுப்பது அலைச்சல் என்று சொல்லி இந்த வழிக்குப் போகிறவர்களைப் பார்த்துக் கேட்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

கடைசியாக வருடக் கணக்கு. லைசன்ஸ் எப்போது எடுத்திருந்தாலும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. அடுத்த வருடத்துக்கான புதுப்பிப்பு வழக்கமாக ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கும். அந்த மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். சொட்கனுக்குக் கச்சேரி, பாதுகாப்புக்கான பிஸ்டலுக்கு அமைச்சு. இதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் என்றால் விதைப்பு, மழை, வெள்ளம், களை, காவல் எல்லாம் ஒன்றாக வருகிற காலம். பெரியப்பா ஒரு வருடம் வெள்ளத்தால் வாடியை விட்டு வர முடியாமல் ஜனவரி முதல் கிழமைதான் போனார். லைசன்ஸை வாங்கிப் பார்த்த உத்தியோகத்தர், "இப்ப நீங்க வச்சிருக்கிறது சட்டவிரோதத் துவக்கு" என்றார். முப்பது வருடம் ஒரு பிழையும் விடாத மனிதர், அந்த மேசைக்கு முன்னால் கதிரையில் இருக்கவும் இல்லை, நின்றபடியே அழுதார். விளக்கம் எழுதிக் கொடுத்து, பொலிசுக்கும் ஓடி, துவக்கைத் திரும்ப எடுக்க அந்தப் போகமே முடிந்துவிட்டது. ஆகவே மழை பிடிப்பதற்கு முன்னால், ஒக்டோபர் முதல் கிழமையிலேயே போய்விடுங்கள்.

அவர் காலமானபோது துவக்கு சாமி அறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. லைசன்ஸ் அவருடைய பெயரில் இருந்தது, அவர் இல்லை. "மகன்தானே, இருக்கட்டும்" என்று ஊரில் பலபேர் சொன்னார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது. உரியவர் இறந்தால் துவக்கையும் மிச்சத் தோட்டாவையும் தாமதிக்காமல் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பிறகு மரணச் சான்றிதழோடு, வாரிசு தன் பெயருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். எட்டு முடிந்த மறுநாள் பெரியம்மா வெள்ளைச் சேலையோடு ஓட்டோவில் ஏறி, அந்தச் சாரத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பொலிசில் இலக்கத்தைப் பார்த்து, ஏழு தோட்டாவை எண்ணி எழுதி, ஒரு ரசீது கொடுத்தார்கள். அதை அவர் அதே பொலித்தீனுக்குள் மடித்து, வெற்றிலைப் பெட்டியின் அடியில் வைத்தார்.